சைபர் ஆபத்தை முதலாளியின் மேசைக்குக் கொண்டுவருவது எப்படி? சின்னக் கம்பெனிகளுக்கு ஒரு செய்முறை

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ரப்பர் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனி. அறுபது பேர் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் சரக்கு வாங்கும் பெரிய நிறுவனம் ஒன்று கேள்வித்தாள் அனுப்பியது. ஃபயர்வால் உண்டா, பேக்கப் உண்டா என்பதெல்லாம் பின்னால்தான். முதல் கேள்வியே, "உங்கள் இயக்குநர்களில் சைபர் பாதுகாப்பு ஆபத்தை மேற்பார்வை செய்பவர் யார்?" என்பது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சிஸ்டம் பார்க்கிற பையன் பேரைப் போட்டு அனுப்பிருங்க தம்பி" என்றார். அந்தப் பையன் நாலு கம்பெனிக்கு கேபிள் இழுத்துக் கொடுப்பவன், இயக்குநர் அல்ல.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் பட்டியலிட்ட கம்பெனிகள் ஆபத்து மேலாண்மைக் குழு வைத்தாக வேண்டும், அந்தக் குழு சைபர் பாதுகாப்பையும் பார்த்தாக வேண்டும் என்பது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. அமெரிக்கப் பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகள், தங்கள் இயக்குநர் குழு இந்த ஆபத்தை எப்படிக் கண்காணிக்கிறது என்று ஆண்டறிக்கையிலேயே எழுத வேண்டும் என 2023-இல் விதி வந்தது. மேலே கேட்கும் கேள்வி படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் கப்பலூருக்கும் வந்துவிடுகிறது.

படி 1: பொறுப்பை ஒரு பெயரில் எழுதுங்கள்

கல்லாவில் உட்காருகிறவரே கணக்கையும் சரிபார்த்தால் என்ன ஆகும் என்று எந்தக் கடைக்காரருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இங்கேயும் அதே கதைதான். பாஸ்வேர்டு மாற்றுவது, அப்டேட் போடுவது சிஸ்டம் பார்ப்பவர் வேலை. அது நடந்ததா என்று கேட்பது இயக்குநர் ஒருவரின் வேலை. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டிய அவசியமில்லை, விடாமல் கேட்கத் தெரிந்தால் போதும். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு பெயரையும் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வையுங்கள்.

அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிடும் சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பிலேயே, யார் பொறுப்பு, யார் மேற்பார்வை என்பதைப் பேசும் 'ஆளுகை' என்ற தனிப் பகுதி 2024 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அதனால் இவ்வளவு நாள் விட்டுவிட்டோமே என்று வருத்தப்பட வேண்டாம்.

படி 2: நோட்டை எடுத்துக்கொண்டு நடங்கள்

உட்கார்ந்த இடத்தில் பட்டியல் போட்டால் பாதி விட்டுப்போகும். ஆபீஸ், ஸ்டோர், கேட், மெஷின் ஷெட் என்று ஒரு சுற்று வாருங்கள். அந்தக் கம்பெனியில் நாங்கள் நடந்தபோது கண்டவற்றில் சில: ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டு தினசரிக் காலண்டர் அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது. கேமரா பதிவுப் பெட்டிக்கு, வாங்கிய அன்று வந்த பாஸ்வேர்டுதான் இன்னமும். கணக்கு மென்பொருளான டேலியின் சர்வீஸுக்கு வந்தவர் போட்ட எனி டெஸ்க் (வெளியிலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் மென்பொருள்), யாரும் சம்மதம் சொல்லாமலே உள்ளே வரும்படி திறந்தே கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கி ஓடிபி போய்ச் சேர்ந்த நம்பர் வேலையை விட்டுப்போன கணக்கருடையது! நல்ல மனிதர், ஒவ்வொரு முறையும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

படி 3: ஆபத்துப் பதிவேடு

எக்ஸெல் போதும். என்ன நடக்கலாம், நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு அடி, என்ன செய்யப் போகிறோம், யார், எந்தத் தேதிக்குள் என்று கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்புக்கும் அடிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துப் பெருக்குங்கள். ஒரு வரியை மட்டும் நிரப்பிக் காட்டுகிறேன்.

என்ன நடக்கலாம்: மூலப்பொருள் தருபவர் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று போலி மெயில் வந்து, பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். வாய்ப்பு 4, அடி 5, ஆக 20. செய்யப் போவது: கணக்கு மாற்றம் என்று எது வந்தாலும், மெயிலில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டு உறுதிசெய்த பிறகே பணம். பொறுப்பு: கணக்குப் பிரிவு. தேதி: இந்தத் திங்கள்.

பத்துப் பன்னிரண்டு வரி வந்தால் தாராளம். இணையத்தில் கிடைக்கும் இருநூறு வரிப் பதிவேட்டைத் தரவிறக்கிப் போட்டால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

படி 4: எவ்வளவு தாங்கும் என்று முதலாளியிடம் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். "டேலி இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவீங்கண்ணே?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒரு நாள் தாங்கும். ரெண்டாவது நாள் பில் போட முடியாம லாரி நிக்கும்" என்றார். சரி, கம்பெனியின் எல்லைக்கோடு கிடைத்துவிட்டது. இனி பேக்கப் நன்றாக இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்க வேண்டாம், ஒரே நாளில் மீள முடியுமா என்று கேட்கலாம்.

அதைச் சோதித்தோம். ஒரு சனிக்கிழமை மதியம், முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய லேப்டாப் ஒன்றில் பேக்கப்பிலிருந்து டேலியைத் திறக்கச் சொன்னேன். ஹார்டு டிஸ்கில் ஃபோல்டர்கள் தேதிவாரியாக அழகாக அடுக்கியிருந்தன. திறந்து பார்த்தால் ஜனவரி முதல் எல்லாமே ஒரே அளவு. டிசம்பர் கடைசியில் டேலி டேட்டாவை வேறு டிரைவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப்போ பழைய ஃபோல்டரையே தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஒழுங்காக நகல் எடுத்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு அந்த ஹார்டு டிஸ்க் இருபத்துநாலு மணி நேரமும் அதே மெஷினில் செருகியே இருந்தது; ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தால் அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். பையனைத் திட்டிப் பயனில்லை. மீட்டெடுத்துக் காட்டு என்று அதுவரை அவனிடம் யாரும் கேட்டதே இல்லை.

இப்போது இரண்டு டிஸ்க் மாறி மாறி ஓடுகின்றன, ஒன்று எப்போதும் பீரோவில்.

படி 5: மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம்

முக்கால் மணி நேரம் போதும், ஆனால் தேதி முன்கூட்டியே குறித்திருக்க வேண்டும். ஏப்ரல், மே கூட்டத்தைச் சித்திரைத் திருவிழாவில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள், அழகர் ஆற்றில் இறங்கும் சமயம் மதுரையில் யாரைப் பிடிக்க முடியும்? (ரேன்சம்வேர் கும்பல்களுக்கும் இப்படி ஆபீஸ் காலியாக இருக்கும் விடுமுறை நாட்கள்தான் பிடிக்கும். அதனால் லீவு நாளில் போனை எடுப்பது யார் என்றும் எழுதி வையுங்கள்.)

கூட்டத்தில் கேட்க வேண்டியவை: கடைசியாக மீட்டெடுத்துப் பார்த்தது எந்தத் தேதி? வேலையை விட்டுப் போனவர்களில் யாருடைய லாகின் இன்னும் திறந்திருக்கிறது? அப்டேட் போடாத மெஷின் எத்தனை? பதிவேட்டில் தேதி தாண்டிய வரிகள் எவை? ஆன்டிவைரஸ் இத்தனை ஆயிரம் வைரஸைத் தடுத்தது என்று வரும் அறிக்கையை மரியாதையாக ஓரமாக வைத்துவிடலாம். இரண்டு கூட்டமாக எல்லாமே சரி என்றே பதில் வந்தால், இயக்குநரே எழுந்துபோய் ஒரு மெஷினைத் திறந்து பார்ப்பது நல்லது. பேசியதை நோட்டில் நாலு வரி எழுதி, கையெழுத்துப் போடுங்கள்.

படி 6: நடந்துவிட்டால்

பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் வங்கிக்கும் கூப்பிட வேண்டும். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவும். ஊடுருவல், ரேன்சம்வேர் போன்றவற்றைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28-இல் வந்த இந்த உத்தரவு, அந்த ஆண்டு செப்டம்பர் 25 முதல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கும் அமலில் உள்ளது. சிஸ்டம் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். ஊழியர், வாடிக்கையாளர் தகவல்களைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஆறு மணி நேரம் என்பது யார் போன் செய்வது என்று பேசிக்கொண்டிருப்பதிலேயே ஓடிவிடும். அதனால் அதையும் இப்போதே முடிவுசெய்து, நம்பர்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நம்பர் யாருக்கு உதவும்?

கேள்வித்தாளின் முதல் கேள்விக்கு முதலாளி கடைசியில் தன் பெயரையே எழுதினார். பத்து நாள் கழித்து அங்கிருந்து மெயில்: கடைசியாக நடந்த கூட்டத்தின் குறிப்பை அனுப்பவும். நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவைத்தோம். அதில் கேமரா பெட்டியின் பாஸ்வேர்டு வரிக்கு நேரே "இன்னும் மாற்றவில்லை" என்றுதான் எழுதியிருந்தது.