வெள்ளச் சேற்றில் இறங்கி உதவப் போகிறீர்களா?

வெள்ளம் வடிந்ததும் சேறு அள்ளக் கிளம்புகிறவர்கள் கொசுவுக்குப் பயப்படும் அளவுக்கு எலிக்காய்ச்சலுக்குப் பயப்படுவதில்லை. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் அது பரவியபோது, துப்புரவு வேலைக்குப் போன தன்னார்வலர்களும் சிக்கினார்கள். எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும், இந்தக் காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி உள்ளே நுழைய, உங்கள் காலில் ஒரு சின்னச் சிராய்ப்பு இருந்தாலே போதும்.

அதனால் கம் பூட்ஸும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். ஹவாய் செருப்பு சேற்றில் அறுந்துவிட்டால் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். காலில் புண் இருக்கிறதா, அன்றைக்கு அரிசிப் பொட்டலம் கட்டப் போங்கள், அதற்கும் ஆள் வேண்டும்தானே.

கேரளத்தில் அப்போது சேற்றில் வேலை செய்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். அதை நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டு, சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு போடுங்கள், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது.

அப்புறம், ஆசிட் ஊற்றிக் கழுவிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவப்பு என்று எது வந்தாலும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள், போனதும் முதலில் வெள்ளத் தண்ணீரில் நின்றதைச் சொல்லுங்கள்.