ஸ்வீடன் நாட்டுச் சிறார் படங்களைப் பிள்ளைகளுடன் எந்த வரிசையில் பார்ப்பது

ஸ்வீடன் திரைப்படங்களில் சிறுவர்கள் பெரியவர்களின் கதைக்குள் வந்துபோகும் துணைப் பாத்திரங்கள் அல்லர். அவர்களுடைய அச்சமும் வெட்கமும் இழப்பும் எதுவும் மறைக்கப்படாமல் திரைக்கு வருகின்றன. ஆகவே 'குடும்பப் படம்' என்ற பெயரை மட்டும் நம்பி, ஆறு வயதுக் குழந்தையையும் பதினாறு வயதுப் பிள்ளையையும் ஒரே படத்தின் முன் உட்கார வைப்பது சரியன்று. அந்நாட்டில் 7, 11, 15 என்று வழங்கப்படும் வயது வரம்புகள், ஒரு படம் குழந்தையின் நலனைக் கெடுக்குமா என்பதை மட்டுமே பார்ப்பவை. உங்கள் பிள்ளைக்கு அது ஏற்றதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிறு குழந்தைகளுக்கு லாஸ்ஸே ஹால்ஸ்ட்ரோம் 1986இல் இயக்கிய 'தி சில்ட்ரன் ஆஃப் நாய்ஸி வில்லேஜ்' படத்திலிருந்து தொடங்கலாம். திரைக்கதையை எழுதியவர் ஸ்வீடன் சிறார் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரேன். படம்பிடிக்கப்பட்ட இடம், அவருடைய தந்தை சிறுவயதில் வாழ்ந்த செவெட்ஸ்டோர்ப் என்னும் சிற்றூர். அடுத்தடுத்த மூன்று பண்ணை வீடுகளின் குழந்தைகள் ஒரு கோடையைக் கழிப்பதற்கு மேல் அதில் பெரிய நிகழ்வு எதுவும் இல்லை. கதை எங்கே என்று குழந்தை கேட்டால் அவசரப்பட்டு விளக்க வேண்டாம். வசன வரிகளை மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள், சிறிது நேரத்தில் குழந்தை தானே அந்த ஊருக்குள் நுழைந்துவிடும்.

அடுத்து, பன்னிரண்டு வயதையொட்டி, அதே இயக்குநர் 1985இல் எடுத்த 'மை லைஃப் அஸ் எ டாக்'. இந்த வரிசையில் ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். 1950களின் இறுதியில், தாய் கடும் நோயுற்றிருப்பதால், இங்கெமார் என்ற சிறுவன் ஸ்மாலண்ட் பகுதியில் கண்ணாடித் தொழிற்சாலை உள்ள ஒரு கிராமத்துக்கு, மாமாவின் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். துயரம் நெருக்கும்போதெல்லாம் அவன் தன்னைவிட மோசமான நிலையில் இருந்தவர்களை நினைத்துக்கொள்கிறான். அவர்களுள் முதன்மையானது, 1957 நவம்பரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் அனுப்பிய லைக்கா என்னும் நாய். ஆகவே படத்துக்கு முன்பே லைக்காவைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். அது பட்டினியால் இறந்ததாகச் சிறுவன் நம்புகிறான். கடும் வெப்பத்தால் சில மணி நேரத்திலேயே இறந்துவிட்டது என்ற உண்மை 2002இல்தான் வெளிவந்தது. ஸ்வீடன் குத்துச்சண்டை வீரர் இங்கெமார் யோஹான்ஸன் 1959 ஜூனில் ஃப்ளாய்ட் பாட்டர்சனை வென்று உலகப் பட்டம் பெற்றதையும் சொல்லுங்கள். சிறுவனின் பெயரும் அதுவே என்பதால், ஊர் கொண்டாடும் அந்த இரவின் பொருள் அப்போதுதான் முழுமையாக விளங்கும்.

இந்தப் படத்தில் முதல் காதல் சாகா என்ற சிறுமியின் வடிவில் வருகிறது. பையன்களுடன் பந்தும் குத்துச்சண்டையும் விளையாடும் அவள், தன் உடல் வளர்வதை மறைக்கத் துணியால் மார்பைக் கட்டிக்கொள்கிறாள். உடலைப் பற்றிய சிறார் வியப்பையும் நிர்வாணத்தையும் காட்டும் காட்சிகளும் உண்டு. எனவே பெற்றோர் முதலில் தனியே பார்த்துவிடுவது நல்லது. தாயின் நோய் தொடர்பான பகுதிகளில் பிள்ளை கண் கலங்கினால், படத்தை நிறுத்தி ஆறுதல் சொல்லாதீர்கள். பக்கத்தில் அமர்ந்திருங்கள், அதுவே போதும்.

பதினைந்து வயதைக் கடந்தவர்களுக்கு, ராய் ஆண்டர்சன் 1970இல் எடுத்த முதல் முழுநீளப் படமான 'எ ஸ்வீடிஷ் லவ் ஸ்டோரி'. பேர் என்ற சிறுவனும் அன்னிக்கா என்ற சிறுமியும் நெருங்குவதைப் பேச்சை விடப் பார்வைகளே சொல்லுகின்றன என்பதால், கைபேசியில் ஒரு கண் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க முடியாது. அந்த இளம் அன்பைச் சுற்றி வாழ்க்கையில் சலித்துப்போன பெரியவர்கள் நிற்கிறார்கள்; படம் முடிந்தபின் அவர்களைப் பற்றித்தான் பிள்ளைகள் அதிகம் கேட்பார்கள்.

லூக்காஸ் மூடிஸனின் 1998ஆம் ஆண்டுப் படத்தை அதன் பிறகு வையுங்கள். ஓமோல் என்ற சிற்றூரில் ஆக்னெஸ், எலின் என்னும் இரு பதின்வயதுப் பெண்களிடையே மலரும் காதலை அது சொல்கிறது. ஸ்வீடிஷ் தலைப்பில் ஒரு வசைச்சொல் இருப்பதால், வெளிநாடுகளில் 'ஷோ மீ லவ்' என்ற பெயரில் அது வெளியானது; தேடும்போது அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள்.