கோட்டிங் பாட்டில் வாங்குவதற்கு முன்னால் போர் தண்ணீரைப் பாருங்கள்

போன வருஷம் ஏப்ரலில் ஒரு கறுப்பு செடானுக்கு செராமிக் கோட்டிங் (பெயின்ட்டுக்கு மேல் தடவிக் காயவிடும் மெல்லிய பாதுகாப்புப் படலம்) போட்டுக் கொடுத்தோம். இரண்டு நாள் வேலை. வெளியே கொண்டுவந்து நிறுத்தியபோது பானெட்டில் யானைமலை தலைகீழாகத் தெரிந்தது, வண்டிக்காரர் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் அதே வண்டி கடை வாசலில் வந்து நிற்கிறது: பானெட், கூரை, டிக்கி எல்லாம் வெள்ளை வெள்ளையாக வட்டப் புள்ளிகள், அம்மைத் தழும்பு மாதிரி. "இதுக்கா அண்ணே இவ்வளவு காசு வாங்கினீங்க?" என்றார். தினமும் காலையில் வீட்டு போர் தண்ணீரை ஹோஸில் அடித்துவிட்டு, வெயிலில் தானாகக் காயட்டும் என்று விட்டிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

கோட்டிங் தண்ணீரைப் பரவ விடாமல் முத்து முத்தாக நிறுத்தும். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் முத்து அங்கேயே காய்ந்தால் அதில் இருந்த கால்சியம், மக்னீசியம் உப்பு மொத்தமும் அந்த ஒரு புள்ளியில் படியும். மெழுகு கூட இல்லாத பழைய வண்டியில் தண்ணீர் பரவிக் காய்வதால் மேலோட்டமாக ஒரு மங்கல்தான் வரும். அதாவது உப்புத் தண்ணீர் ஊரில், துடைக்காமல் விடுகிற ஆளுக்கு, கோட்டிங் போட்ட வண்டிதான் சீக்கிரம் அசிங்கமாகும். மதுரையில் டீட்டெய்லிங் கடை, அதாவது வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்கும் கடை, போடுகிறவர்கள் முதலில் இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

அதனால் நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை அளப்பது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. எங்கள் கடை போரில் 1,400 காட்டியது. பைப்பில் வரும் மாநகராட்சித் தண்ணீர் கணக்கு வேறு, லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறதோ அந்தக் கிணற்றின் குணம். ஒவ்வொரு லோடையும் அளந்து பாருங்கள்.

சாஃப்ட்னர் மாட்டினால் டிடிஎஸ் குறையும் என்று நினைத்து நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும், எண் அப்படியேதான் இருக்கும், விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். படியும் உப்பு மட்டும் ஈரத்துணிக்கே வந்துவிடும் ரகமாக மாறிவிடும். கடினத்தன்மையை, அதாவது அந்தக் கால்சியம், மக்னீசியம் அளவை மட்டும் பார்க்க மீட்டர் உதவாது, மீன் தொட்டிக் கடையில் சொட்டு மருந்து மாதிரி ஒரு சோதனை கிட் விற்கும், அது போதும். நாங்கள் செய்வது: கழுவுவதெல்லாம் சாஃப்ட்னர் தண்ணீர், கடைசி அலசல் மட்டும் ஆர்ஓ தண்ணீர். ஒரு டிரம், சின்ன பம்ப், வண்டிக்கு 15, 20 லிட்டர். டிஅயனைசிங் ரெசின் (உப்பு முழுவதையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) இன்னும் சுத்தம், ஆனால் 1,400 தண்ணீரை நேராக அதில் விட்டால் ரெசின் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆர்ஓவுக்குப் பின்னால் வைத்தால்தான் கட்டுப்படி ஆகும்.

அந்தக் கறுப்பு வண்டியின் புள்ளிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். புதிதாக விழுந்தவை ஆசிட் ரகத்து வாட்டர் ஸ்பாட் ரிமூவருக்குப் போய்விட்டன. நிழலில், பானெட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஒரு நிமிஷத்துக்கு மேல் ஊற விடாமல். (வீட்டில் வினிகர் இருந்தால் அதையும் தண்ணீரில் கலந்து முயற்சி பண்ணலாம், லேசான கறைக்கு.) பானெட் நடுவில் சில புள்ளிகள் கோட்டிங்கையே தின்றுவிட்டன, அங்கே பாலிஷ் போட்டு மறுபடி கோட்டிங். எங்கள் செலவில்.

ஆசிட் என்றதும் இன்னொன்று. லேபிள் இல்லாத கேனில் 'வீல் ஆசிட்' என்று விற்பார்கள், பத்து வினாடியில் அலாய் வீல் பளிச்சென்று ஆகிவிடும். அதில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிடோ அதே இனத்து உப்போ இருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமலும் இருக்கலாம், உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். பையன்கள் வெறும் கையோடு வேலை செய்யும் கடையில் அது வேண்டவே வேண்டாம். எந்தப் பொருளுக்கும் பாதுகாப்புத் தாள் (உள்ளே என்ன இருக்கிறது, பட்டால் என்ன செய்வது என்று கம்பெனி எழுதித் தருவது) கேளுங்கள், கொடுக்க முடியாது என்றால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.

சரி, ஷாம்பு. பிஎச் 7-ஐ ஒட்டியது, அதாவது ஆசிடும் இல்லாத காரமும் இல்லாத நடுநிலை ரகம் வேண்டும். சாதாரண வாட்டர் சர்வீஸில் அடிக்கிற வெள்ளை நுரை பெரும்பாலும் கடும் காரம், அழுக்கை ஒரே அடியில் இறக்கும், கூடவே மெழுகையும் சீலன்ட்டையும் (மெழுகு மாதிரிப் பூசும் செயற்கைப் பூச்சு) இறக்கிவிடும். கோட்டிங் போடப்போகிற வண்டிக்கு முதல் கழுவலில் அந்தக் காரம் நமக்கே வசதி, பராமரிப்புக்கு வருகிற வண்டிக்கு ஆகாது. விலையை லிட்டர் கணக்கில் பார்க்காதீர்கள், வாளிக் கணக்கில் பாருங்கள். லிட்டர் 800 ரூபாய் ஷாம்பு 1:500 கலவை என்றால் 20 லிட்டர் வாளிக்கு 40 மில்லி, 32 ரூபாய். லிட்டர் 300 ரூபாய்க்குக் கிடைப்பது 1:50 என்றால் அதே வாளிக்கு 400 மில்லி, 120 ரூபாய். நான் இரண்டு வருஷம் '300 ரூபாய் ஷாம்பு' வாங்கிய ஆள். அப்புறம் உப்புத் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும். நுரை வரவில்லை என்று இன்னும் ரெண்டு மூடி ஊற்றுவதுதான் எல்லாக் கடையிலும் நடக்கிறது.

துணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வண்டிகளின் பெயின்ட்டைக் கெடுத்ததில் பனியன் வேஸ்ட்டுக்குத்தான் முதலிடம். கிலோ கணக்கில் சல்லிசாகக் கிடைக்கிறது, எண்ணெய் துடைக்க அருமையான சரக்கு. ஆனால் ஒரு துண்டை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள்: ஓரத் தையலில் முரட்டு நூல், சிலதில் பிளாஸ்டிக் அச்சுப் படம், கழுத்துப் பட்டையில் லேபிள் ஒட்டிய மிச்சம். அதை மேலூர் பக்கத்துக் கல் தூசி படிந்த பானெட்டில் வட்டம் வட்டமாகத் தேய்த்தால் என்ன ஆகும்? இரவில் பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே சிலந்தி வலை மாதிரி தெரியும் கீறல்கள் அப்படித்தான் வருகின்றன. மைக்ரோஃபைபரில் பெயின்ட் வேலைக்கு 350 முதல் 500 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு), ஓரத் தையல் இல்லாதது. தண்ணீர் எடுக்க முறுக்கு நூல் ரகத்துப் பெரிய டவல். வீலுக்கும் கதவு இடுக்குக்கும் தனி நிறத்தில் மலிவானது. கீழே விழுந்த துணி எவ்வளவு விலையானாலும் வீல் கூட்டத்துக்குப் போய்விட வேண்டும், தட்டிவிட்டு மறுபடி பானெட்டுக்கு எடுக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், நூலை அடைத்து உறிஞ்சும் சக்தியைக் கெடுத்துவிடும்.

கழுவிய பிறகும் விரலுக்குச் சொரசொரப்பாக இருந்தால் அது ஒட்டிய அழுக்கு. வெல்டிங் பட்டறைக்குப் பக்கத்தில் நிற்கும் வெள்ளை வண்டியின் கதவைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கடுகில் பாதி அளவில் செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும். கிரைண்டர் பொறி பெயின்ட்டில் குத்திக்கொண்டு துருப்பிடித்திருக்கிறது. அயர்ன் ரிமூவர் அடித்தால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறம் வழியும், அழுகிய முட்டை நாற்றத்தோடு. ஊதா வழிகிற வீடியோவுக்காகவே வாராவாரம் அடிக்கிற கடைகள் உண்டு, வருஷத்துக்கு இரண்டு முறை போதும். தாருக்குத் தனி ரிமூவர், மிச்சத்துக்கு க்ளே, ஒட்டிய அழுக்கைத் தேய்த்துப் பிடுங்கும் களிமண் மாதிரியான கட்டி. ரயில் தண்டவாளத்தை ஒட்டி நிறுத்துகிற வண்டிக்கும் இதே துருப்புள்ளிக் கதைதான்.

பாலிஷ் என்றால் பெயின்ட்டின் மேல்தோலைக் கொஞ்சம் சீவுவது, அதில் நான் சொல்வது ஒன்றே: பெயின்ட் கனம் அளக்கும் கருவி இல்லாமல் மிஷினைத் தொடாதீர்கள். கம்பெனிப் பெயின்ட் மொத்தமே பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான், அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 35 முதல் 50. ஒரு ஏ4 தாள் கிட்டத்தட்ட 100 மைக்ரான். அந்தத் தாளில் பாதிக்கும் குறைவான இடத்தில்தான் நம் தொழிலே நடக்கிறது. ஒரு கதவு மட்டும் 200-க்கு மேல் காட்டினால் அது பட்டறை பார்த்த கதவு. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரணக் கருவி அதில் ஒன்றும் சொல்லாது. பாலிஷ் முடித்ததும் ஐபிஏ (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) கலவையால் துடைத்துவிட்டு விளக்கடித்துப் பாருங்கள், பாலிஷ் எண்ணெயில் மறைந்திருந்த கீறல் திரும்பி வந்தால் வேலை முடியவில்லை.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்வி: என்ன கோட்டிங்? கார்ப்ரோவும் ஜியானும் கொரியச் சரக்கு, கோச் கெமியும் சோனாக்ஸும் ஜெர்மன், 3எம் எல்லாருக்கும் தெரியும். பிராண்டு என்னைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்வி. முதலாவது, வண்டி எங்கே நிற்கிறது. இரண்டாவது, யார் கழுவுகிறார்கள். தெருவில் நிற்கும் வண்டி, கழுவுவது வாட்ச்மேன் என்றால் நான் செராமிக்கைப் பரிந்துரைப்பதில்லை, நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்ப்ரே சீலன்ட் போதும். கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்றாலும் நம் சித்திரை வெயிலில் சில வாரம்தான் தாங்கும். பழைய வண்டியை ஆசையாக வைத்திருப்பவர்கள் கையால் தேய்த்துக்கொள்ள அது சரி. ஷெட்டில் நிற்கிற வண்டி, ஒழுங்காகத் துடைக்கிற கை என்றால் தாராளமாகச் செராமிக்.

விற்பனைக்கு வருகிறவர் '9எச், வைரத்துக்கு அடுத்தது' என்பார். கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். அந்த 9எச் பென்சில் கடினத்தன்மைச் சோதனை, பள்ளிக்கூடத்து எச்பி பென்சில் குடும்பத்தைச் சேர்ந்தது. வைரத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுக்கும் மோஸ் அளவுகோலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. ஒன்றிரண்டு மைக்ரான் படலம் கல்லடியைத் தாங்காது, அழகர்கோவில் அடிவாரத்தில் குரங்கு பானெட்டில் ஏறி உட்கார்ந்தால் நகத்தையும் தாங்காது. அதற்கு பிபிஎஃப்தான், பெயின்ட் மேல் ஒட்டும் பாதுகாப்பு பிலிம், 150 முதல் 200 மைக்ரான். டிபியு பிலிம் (ரப்பர் போல இழுபடும் பாலியூரித்தேன்) என்று பில்லில் எழுதி வாங்குங்கள், பிவிசி சீக்கிரம் மஞ்சளாகிச் சுருங்கும். சின்னக் கீறல் சூட்டில் தானாக ஆறும் என்பது நல்ல டிபியுவில் உண்மைதான், மே மாசம் மதுரையில் அதற்கு ஹீட்கன் கூடத் தேவையில்லை. முழு வண்டிக்கு லட்சம் தாண்டும் என்பதால், நாலு வழிச்சாலையில் திருநெல்வேலிப் பக்கம் ஓடுகிற வண்டிகளுக்கு முன் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடியின் மூடி, கதவுக் கைப்பிடிக் குழி மட்டும் போட்டுக் கொடுக்கிறோம்.

பாட்டிலில் 18 முதல் 25 டிகிரி வரை என்று போட்டிருந்தால் அது ஏசி அறையை மனதில் வைத்து எழுதியது. 38 டிகிரியில் தடவினால் துடைப்பதற்குள் காய்ந்து, எண்ணெய்ப் பட்டை மாதிரி வானவில் நிறத்தில் நிற்கும், பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கோடையில் நாங்கள் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடிக்கிறோம், ஒரு நேரத்தில் அரை பேனல். மெதுவாகக் காயும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். திறந்த பாட்டிலை அடுத்த வண்டிக்கு மிச்சம் பிடிக்காதீர்கள், காற்றிலுள்ள ஈரம் போதும், வாய்ப்பக்கம் சர்க்கரைத் துகள் மாதிரி உறைந்துவிடும், அந்தத் துகளே கீறும்.

உள்ளே வேலை எளிது. டேஷ்போர்டுக்கு வழவழ சிலிகான் பாலிஷ் வேண்டாம், வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுகிறவர் கண்ணைக் கூசும். மேட் ரகம் வாங்குங்கள். ஏபிசி எனும் பொது கிளீனர் 1:10 கலவையில் பெரும்பாலானதைப் பார்த்துக்கொள்ளும். ஜிகர்தண்டா கொட்டிய துணி சீட்டுக்கு மட்டும் அது போதாது. மேலே சுத்தமாகத் தெரியும், இரண்டு நாள் வெயிலில் நின்ற பிறகு கதவைத் திறந்தால் பால் புளித்த வாடை குப்பென்று அடிக்கும். என்சைம் கிளீனரை ஸ்பாஞ்ச் வரை இறங்கும்படி ஊற வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வரிசையாக வண்டி வரும். பானெட்டில் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். காய்ந்த சந்தனம் மண் மாதிரிதான், உலர்ந்த துணி படவே கூடாது. முதலில் நன்றாக நனைத்து ஐந்து நிமிஷம் விட்டு, ஏபிசி அடித்து, தண்ணீரிலேயே இறக்குங்கள். குங்குமச் சாயம் வெள்ளை வண்டியில் லேசாக ரோஸ் நிறத்தில் நின்றுபோனால் மெல்லிய பாலிஷ் ஒரு கை.

எதையும் கேன் கணக்கில் வாங்குமுன் சின்ன பாட்டில் வாங்கி நீங்களே சோதியுங்கள். காயலான் கடையில் ஒரு பழைய கறுப்பு பானெட் வாங்கி மொட்டை மாடியில் போட்டிருக்கிறேன், டேப் ஒட்டி ஆறு கட்டமாகப் பிரித்து, ஐந்தில் ஐந்து பொருள், ஒன்றில் ஒன்றுமில்லை. தினமும் காலையில் ஒரு சொம்பு போர் தண்ணீர் தெளிப்பேன், துடைக்க மாட்டேன். இரண்டு மாசம் கழித்துக் கழுவிப் பார்த்தபோது அதிகம் புள்ளி விழுந்தது அதில் இருந்ததிலேயே விலை கூடிய கட்டத்தில்தான். நாங்கள் இப்போது அதிகம் வாங்குவது நாலாவது கட்டத்துச் சீலன்ட்டை.