வீட்டில் செய்யும் எலக்ட்ரானிக்ஸ் சுற்றுகளுக்குக் குறிப்பேடு எழுதும் முறை

555 டைமர் ஐசியை (நேரத்தைக் கட்டுப்படுத்தும் சில்லை) வைத்து எல்இடி விளக்கைச் சிமிட்ட வைக்கும் சுற்றின் வரைபடம் எங்கு தேடினாலும் கிடைக்கும். நீங்கள் எந்த மதிப்பை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், அளந்தபோது என்ன வந்தது என்பவை வேறெங்கும் கிடைக்கா. குறிப்பேட்டில் எழுத வேண்டியவை அவைதான். இந்தச் சுற்றையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் நோட்டு. தைத்த நோட்டாக இருக்கட்டும். ஸ்பைரல் நோட்டென்றால் தாளைக் கிழிக்கக் கை துறுதுறுக்கும். பக்க எண் போடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எண்ணும் தேதியும் கொடுங்கள்.

அடுத்து வரைபடம். கையால் வரைந்தால் போதும், அழகு தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆர்1, ஆர்2 (மின்தடைகள்), சி1 (மின்தேக்கி) என்று பெயரும், ஐசிக்குக் கால் எண்களும் இருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் சேர்த்தால் அதன் கால் வரிசையையும் வரைந்துவிடுங்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கோ எமிட்டர், பேஸ், கலெக்டர். கடையில் ஒன்றில்லை என்று மற்றொன்றை வாங்கி வரும் நாளில் இந்தச் சின்னப் படம் உதவும்.

மூன்றாவது படியில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள்: கணக்கிட்டதையும் அளந்ததையும் அருகருகே எழுதுவது. ஆர்1 1 கிலோ ஓம், ஆர்2 47 கிலோ ஓம், சி1 10 மைக்ரோபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிமிட்டலுக்கான நேரம் 0.693 × (ஆர்1 + 2 × ஆர்2) × சி1, அதாவது சுமார் 0.66 விநாடி. உங்கள் மேசையில் அப்படியே வராது. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் பலவற்றில் 20 சதவீதம் கூடலாம், குறையலாம். 10 என்று அச்சிட்டது 8 ஆகவும் இருக்கும், 12 ஆகவும் இருக்கும். 20 சிமிட்டல்களுக்கான நேரத்தைப் பார்த்து வகுத்து எழுதுங்கள். மின்தேக்கி வெறுமையிலிருந்து ஏறுவதால் முதல் சிமிட்டல் சற்று நீளும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சுற்று ஒழுங்காக வேலை செய்யும்போதே மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, முக்கியக் கால்களின் வோல்ட் அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பழுதான பிறகு மீட்டரை எடுத்தால் ஒப்பிட எண்ணே இருக்காது. 9 வோல்ட் கொடுத்தால் 555-இன் 5-ஆம் கால் ஏறக்குறைய 6 வோல்ட் காட்டும். மூன்றில் இரண்டு பங்கு. பேட்டரி 7.5-க்கு இறங்கியிருந்தால் அதே கால் 5 காட்டும், அது பழுதல்ல. அதனால் பேட்டரியின் அளவையும் கூடவே எழுத வேண்டும்.

மாற்றம் செய்தால் பழையதை அழிக்காதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் புதிய மதிப்பு, தேதி, காரணம்: “ஆர்2 47-லிருந்து 100 கிலோ ஓம். சிமிட்டல் கண்ணை உறுத்தியது. இப்போது 1.4 விநாடி.” காரணம் இல்லாத மாற்றக் குறிப்பு பாதிக் குறிப்புதான்.

பெட்டியில் மூடுவதற்கு முன் பலகையின் இரு பக்கங்களையும் படம் எடுங்கள். பலகையிலேயே ஒரு காகிதத் துண்டு ஒட்டி, சுற்றின் எண்ணையும் எத்தனை வோல்ட், எந்தக் கம்பி பாசிட்டிவ் என்பதையும் எழுதுங்கள். ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு பலகை) பயன்படுத்தினால் நிரலின் முதல் வரிகளில் அதே எண்ணையும், எந்தக் கால் எதனுடன் இணைந்தது என்பதையும், லைப்ரரிகளின் (நிரலில் சேர்க்கும் ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பதிப்பு எண்களையும் எழுதிவிடுங்கள்.