புண் ஆறிவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள்

பிறப்புறுப்பில் ஒற்றைப் புண். வலி இல்லை, தொட்டால் ஓரம் குருத்தெலும்பு மாதிரி கெட்டியாக இருக்கும். களிம்பு தடவினாலும் தடவாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானே மறைந்துவிடும். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் ஆளை ஏமாற்றுவது இங்கேதான். கிருமி உடம்பிலேயே இருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்பாகத் தலைகாட்டலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் வந்தால் பென்சாத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை ஊசி, அவ்வளவுதான்.

சீழ், நீர்க்கடுப்பு என்றால் கொனோரியா, கிளமிடியா என்ற வேறு பால்வினை நோய்களாக இருக்கலாம். பெண்கள் பலருக்கு அறிகுறியே தெரியாது. அதனால் துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். ஒருவர் மட்டும் மாத்திரை போட்டால் நோய் திரும்பி வரும். ஒரே வேளை மருந்தானால் அதற்குப் பின் 7 நாள் உறவு கூடாது.

ஆணுறையில் தேங்காய் எண்ணெய் படவே கூடாது. ரப்பர் சில நிமிடத்தில் நைந்து கிழியும். எண்ணெய் இல்லாத, தண்ணீர் அடிப்படையிலான ஜெல்தான் சரி. சேலம் சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் கிடந்ததையும் நம்பாதீர்கள். பிரிக்காத பாக்கெட்டை விரலால் அழுத்துங்கள்: உள்ளே காற்று மெத்தென்று தெரியாவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

கிழிந்துபோய் எச்ஐவி பயம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். ஏற்காட்டில் இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் கீழே இறங்கி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு வாருங்கள். எச்ஐவி பரிசோதனைக்கு, அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையம். காசில்லை, பெயர் வெளியே போகாது. சந்தேகம் கேட்க 1097, இலவசம்.