புத்தகத்தைப் பரிந்துரைக்கும்போது

பிடித்த புத்தகத்தை இணையத்தில் பகிரும்போது 'அருமை, கட்டாயம் படியுங்கள்' என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வாங்க நினைப்பவருக்கு அது போதாது. பதிப்பகம், பக்க எண்ணிக்கை, மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயர் ஆகியவற்றை அவசியம் எழுதுங்கள். சில ரஷ்ய நாவல்கள் தமிழில் சுருக்கமாகவும் வந்திருக்கின்றன, முழுமையாகவும் வந்திருக்கின்றன. எதைச் சொல்கிறீர்கள் என்று தெரிய வேண்டாமா? கதை உங்களைப் பிடித்துக்கொண்ட இடத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

புதிதாக வாசிக்க வருபவரிடம் ஐந்து பாகப் 'பொன்னியின் செல்வ'னை நீட்டுவதைவிட, ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாச'லையே நான் சொல்வேன். நாட்டுடைமையான (அரசு பதிப்புரிமையைப் பெற்றுப் பொதுவாக்கிய) நூல் என்றால், தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற மின்னூல் தளத்திலும் தேடிப்பாருங்கள். இலவசமாகக் கிடைத்தால் இணைப்பையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.