பெரிய புழுவுக்கு மருந்து அடிக்காதீர்கள்

புழுவைப் பார்த்ததும் கை நேராக மருந்து டப்பாவுக்குப் போகிறது. அதற்கு முன் அந்தப் புழு எத்தனை பெரியது என்று பாருங்கள். முக்கால்வாசித் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது.

மக்காச்சோளப் படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். 2018இல் கர்நாடகத்தில் தென்பட்டு, அதே ஆண்டு தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள் இருந்தால் அதுதான். குட்டிப் புழு இலையைச் சுரண்டும்; பச்சையம் போய் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மருந்து வேலை செய்கிற நாட்கள் அவை. வளர்ந்தபின் குருத்துக்குள் இறங்கி, தன் எச்சத்தாலேயே குருத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். அப்போது இலைமேல் தெளிப்பது வெறும் காசுக்கேடு. இன்னும் சில நாளில் அது மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகப் போகிறது. வாரம் இரண்டு முறை வயலுக்குள் நடந்து, முட்டைக் குவியலைக் கையால் நசுக்குங்கள். தெளித்தே ஆக வேண்டுமென்றால் குருத்துக்குள் இறங்கும்படி தெளியுங்கள்.

அப்புறம், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக Bt, பி.டி.) என்ற நுண்ணுயிர் மருந்து. உச்சி வெயிலில் அடித்தால் வீண், மாலையில்தான் அடிக்க வேண்டும். அடித்த மறுநாளும் புழு உயிரோடு இருக்கும், ஆனால் தின்பதை நிறுத்தியிருக்கும். சாக இரண்டு மூன்று நாளாகும். அந்தப் பொறுமை இல்லாமல் கடும் விஷத்தை மேலே ஊற்றிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். புழுவின் உடம்பில் அரிசி அரிசியாய் வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பலர் அதைப் புழுவின் முட்டை என்று நசுக்குகிறார்கள். அது புழுவைக் கொல்லும் குளவியின் கூடு. நமக்காக வேலை செய்கிற அதை விட்டுவிடுங்கள்.

முருங்கைக் கம்பளிப்புழு பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டியிருக்கும். கொப்பெல்லாம் மருந்தடிக்கத் தேவையே இல்லை. நீளக் குச்சியில் சோப்புத் தண்ணீர்த் துணியைச் சுற்றி வழித்தெடுங்கள். வெறுங்கை வேண்டாம், முடி குத்தினால் தேய்க்காமல் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்துவிட்டுக் கழுவுங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போலிருப்பதும் புழுதான், பட்டாம்பூச்சியின் புழு. பொறுக்கினாலே போதும்; நாளைக்குச் சாம்பாரில் போடும் இலை அது.

மாட்டுத் தீவனத்தில் இன்னும் கவனம் வேண்டும். மருந்தடித்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் கழியாமல் அறுக்காதீர்கள், பாலில் வரும். அறுவடை நெருங்கிய மக்காச்சோளமானால் மருந்தை விட்டுவிட்டு முன்கூட்டியே அறுத்துப் போடலாம். சோளத் தட்டைக்கு இந்த வழி ஆகாது. பூக்காத இளம் சோளப் பயிரில் நஞ்சு உண்டு. மாடு செத்தே போகலாம்.